முழங்கை முறிவுக்குக் கம்பி எதற்கு?

கொய்யா மரம், மொட்டைமாடிச் சுவர், பார்க்கில் இருக்கும் சறுக்குமரம். கோடை விடுமுறையில் என்னிடம் வரும் முழங்கை முறிவுகளில் பாதி இந்த மூன்றிலிருந்து விழுந்தவைதான். பெரும்பாலும் 5 முதல் 7 வயதுப் பிள்ளைகள். விழும்போது கையை ஊன்றுவார்கள். முழங்கைக்குச் சற்று மேலே, மேற்கை எலும்பு தட்டையாக மெலிந்திருக்கும் இடத்தில் முறியும். சுப்ராகாண்டைலார் முறிவு என்போம்.

ஆபரேஷன் என்றதும் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேட்பார்: "சின்னப் பிள்ளை எலும்புதானே டாக்டர், கட்டுப் போட்டா தானா நேராயிடாதா?" நியாயமான கேள்வி. மணிக்கட்டுப் பக்கம் முறிந்திருந்தால் நானே பல சமயம் அப்படிச் சொல்வேன். ஆனால் மேற்கை எலும்பின் நீள வளர்ச்சியில் சுமார் 80 சதவீதம் தோள் பக்கம்தான் நடக்கிறது. முழங்கைப் பக்கம் வளர்ச்சி குறைவு, அதனால் அங்கே கோணலாகக் கூடிய எலும்பு பெரிதாக நிமிராது.

1959இல் கார்ட்லாண்ட் என்ற எலும்பு மருத்துவர் வகுத்த மூன்று வகைகளை வைத்தே இன்றும் முடிவெடுக்கிறோம். விலகாத முதல் வகைக்கு 3 வாரம் மாவுக்கட்டு போதும். சாய்ந்த இரண்டாம் வகையில் பலவற்றுக்கும், முழுதாக விலகிய மூன்றாம் வகையில் அநேகமாக எல்லாவற்றுக்கும் கம்பி வேண்டும்.

பிளேட், ஸ்க்ரூ என்று கற்பனை ஓட வேண்டாம். மயக்கம் கொடுத்து, பெரும்பாலும் தோலைத் திறக்காமலே எலும்பை நேராக்கி, சி-ஆர்ம் என்ற எக்ஸ்ரே கருவியின் திரையில் பார்த்தபடி 2 அல்லது 3 மெல்லிய கம்பிகளைச் செலுத்துகிறோம். உள்பக்கமிருந்தும் ஒன்று போட்டால் பிடிப்பு கூடும். ஆனால் முழங்கையை இடித்துக்கொண்டால் சுர்ரென்று ஷாக் அடிக்குமே, அந்த நரம்பு அங்கேதான் ஓடுகிறது. அதனால் முடிந்தவரை வெளிப்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வேன். கம்பி முனை தோலுக்கு வெளியே நிற்கும். 3, 4 வாரத்தில் ஓ.பி.யிலேயே உருவிவிடலாம்.

கம்பியால் இன்னொரு லாபமும் உண்டு. அது இல்லாமல் விலகிய எலும்பைப் பிடித்துவைக்க முழங்கையை நன்றாக மடக்கிக் கட்ட வேண்டும். வீங்கிய கையை அப்படி மடக்கினால் ரத்த ஓட்டம் நெருக்கப்படும். வீக்கத்தோடு இறுக்கமான கட்டும் சேர்ந்தால் முன்கைத் தசை சில மணி நேரத்திலேயே சாகத் தொடங்கும். மூங்கில் பத்தை வைத்து இறுக்கிய கட்டோடு மூன்றாம் நாள் வந்தாள் ஒரு சிறுமி. முதல் நாள் இரவு முழுக்க அழுதிருக்கிறாள். "எலும்பு ஒடைஞ்சா வலிக்கத்தான் செய்யும், பொறுத்துக்கோ கண்ணு" என்று ஆச்சி மடியில் போட்டுத் தட்டியிருக்கிறார். எலும்பு கூடிவிட்டது. விரல்கள் நிமிரவில்லை.

மருந்து கொடுத்தும் வலி ஏறிக்கொண்டே போனால், விரலை மெல்ல நீட்டிப் பார்த்தாலே பிள்ளை அலறினால், விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வாருங்கள். அப்புறம், வழியில் பிஸ்கெட்டும் ஜூஸும் வேண்டாம். வயிறு நிறைந்திருந்தால் மயக்கம் கொடுப்பது தள்ளிப்போகும்.

எக்ஸ்ரேயில் ஏமாற்றும் முறிவு ஒன்றும் உண்டு: முழங்கையின் வெளிப்பக்க முண்டு பெயர்வது. சின்னச் சில்லு போலத்தான் தெரியும். மீதியெல்லாம் படத்தில் விழாத குருத்தெலும்பு. 2 மில்லிமீட்டருக்கு மேல் விலகியிருந்தால் பொதுவாகக் கம்பியோ ஸ்க்ரூவோ வைத்துப் பிடித்தாக வேண்டும், பல சமயம் திறந்தே செய்ய வேண்டிவரும். விட்டுவிட்டால் கூடாமலே போகலாம். கை வெளிப்பக்கம் கோணி, பல வருடம் கழித்து சுண்டுவிரல் மரத்துப்போய் வருவார்கள்.

கம்பி எடுத்ததும் எண்ணெய் போட்டு நீவுவதும், இழுத்து மடக்குவதும் வேண்டவே வேண்டாம். மூட்டைச் சுற்றிய தசையில் எலும்பு படிந்து இன்னும் விறைத்துப்போகலாம். அந்தக் கையாலேயே சாப்பிடட்டும், சட்டை மாட்டட்டும். மடக்கம் முழுதாகத் திரும்பச் சில மாதம்கூட ஆகும். மறுபடி எப்போது மரம் ஏறலாம் என்று பிள்ளைகள் என்னிடம் ரகசியமாகக் கேட்பார்கள். கம்பி எடுத்து 6 வாரமாவது போகட்டும் என்பேன்.