டிரைவர் பகலில் தூங்கினார் என்று யார் சொன்னது?

போன வாரம் விடியற்காலை மூன்று மணிக்கு எனக்கு போன். சாத்தூர் தாண்டி எங்கள் டிராவல்ஸ் கார் சென்டர் மீடியனில் உரசி நின்றிருந்தது. யாருக்கும் அடி இல்லை. காலையில் போய்ப் பார்த்தேன். வலது பக்கக் கதவு இரண்டும் நசுங்கியிருந்தன, பம்பரில் அரளிக் கிளை ஒன்று பூவோடு செருகியிருந்தது. டிரைவர் பத்து வருஷமாக எங்களிடம் ஓட்டுபவர். "கண்ணை மூடினது தெரியலைண்ணே" என்றார்.

முதல் நாள் அவர் போனது ராமேஸ்வரம். ஐந்து மணி ஸ்படிகலிங்க தரிசனம் பார்க்க வேண்டும் என்று மதுரையில் ஒன்றரை மணிக்கே கிளம்பிய குடும்பம். தீர்த்தமாடி, தனுஷ்கோடி பார்த்து, இரவு ஏழரைக்கு வீடு திரும்பினார்கள். எங்கள் கணக்கில் டிரிப் அத்தோடு முடிந்தது. இறங்கும்போது அவரிடமே கேட்டிருக்கிறார்கள்: "காலையில திருநெல்வேலியில ஒரு முகூர்த்தம் இருக்கு, நீங்களே வந்துடுங்களேன்." ராத்திரி ஒரு மணிக்கு மறுபடி கிளம்பியிருக்கிறார்கள். அலுவலகத்துக்குத் தகவல் இல்லை.

அந்த வீட்டுப் பெரியவரிடம் பேசினேன். நல்ல மனிதர், பதறிப்போயிருந்தார். ஆனாலும் அவர் வாயிலிருந்து வந்தது இதுதான்: "பகல் பூரா வண்டியிலதானே தம்பி தூங்கிட்டு இருந்தார்?"

பதினெட்டு வருஷமாக புக்கிங் பார்க்கிறேன். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்காத மாதம் இல்லை. அதனால் கொஞ்சம் விலாவாரியாகவே சொல்லிவிடுகிறேன்.

ராமேஸ்வரம் பார்க்கிங்கில் பகல் பதினோரு மணிக்கு ஒரு காரின் முன்சீட்டைச் சாய்த்துப் படுத்துப் பாருங்கள். கண்ணாடியை ஏற்றினால் அவியும். இறக்கினால் ஈ. ஏசியைப் போட்டுக்கொண்டு படுக்கலாமே என்பீர்கள். மூடிய வண்டியில் இன்ஜினை ஓட விட்டுத் தூங்குவது உயிருக்கே ஆபத்து, புகை உள்ளே வந்தால் எழுந்திருக்க மாட்டார். டீசல் ஏன் குறைந்தது என்று முதலாளி கேட்பது தனிக் கதை. சரி, எப்படியோ கண் அசந்தார் என்றே வையுங்கள். அன்று அவர் போனை வாங்கிப் பார்த்தேன். ஆறு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் நடுவில் ஏழு அழைப்பு. மாற்றுத் துணிப் பை வண்டியில் இருக்கிறது, எடுத்து வாங்க. பாட்டியால் நடக்க முடியவில்லை, மேற்கு வாசலுக்கு வாங்க. சார்ஜர். இன்னொரு முறை சார்ஜர். இதற்குப் பெயர் தூக்கம் இல்லை, காவல்.

எங்கள் தொழிலையும் சொல்ல வேண்டும். இப்போது பல டிராவல்ஸிலும் புக்கிங்குக்கு சாஃப்ட்வேர் வந்துவிட்டது. ராத்திரி பதினொன்றுக்கு ஒரு டிரிப் முடிகிறது, நாலு மணிக்கு ஏர்போர்ட் டிராப். நடுவில் ஐந்து மணி நேரம், வண்டி காலி என்று கட்டம் பச்சையாகக் காட்டும். அதற்குத் தெரிந்தது வண்டி மட்டும். டிரைவர் கணக்கு வேறு. பதினொன்றுக்கு ஆளை இறக்கி, ஷெட்டுக்கு வர பதினொன்றரை. கிலோமீட்டர், டோல் எழுதி, வண்டியைக் கூட்டித் துடைக்க பன்னிரண்டு. பைக்கில் வீட்டுக்குப் போய் இரண்டு இட்லி சாப்பிட்டுப் படுக்க பன்னிரண்டே முக்கால். மூன்றரைக்கு ஷெட்டில் இருக்க வேண்டுமென்றால் இரண்டே முக்காலுக்கு எழ வேண்டும். ஐந்து மணி நேரம் இரண்டு மணி நேரமாகிவிட்டது. நான் இன்னும் சுவரில் கரும்பலகை வைத்து, வண்டி நம்பருக்குப் பக்கத்தில் டிரைவர் எப்போது படுத்தார் என்று எழுதுவது இதனால்தான். புதிதாக வந்த பையன் சிரிக்கிறான்.

இது என் சொந்த விருப்பம் என்று நினைக்க வேண்டாம். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பு அதன் இடத்துக்கு வரும்வரை அது சொன்னது இதுதான். நாளைக்கு 8 மணி நேர வேலை, நீண்ட தூர ஓட்டம் என்றால் அனுமதியோடு 10 வரை. 5 மணி நேரத்துக்கு ஒருமுறை குறைந்தது அரை மணி ஓய்வு. ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்க நடுவில் தொடர்ந்து 9 மணி நேரம். ஐந்து பேருக்கு மேல் வேலை பார்க்கும் இடமும் சரி, ஐந்தே பேர் இருக்கும் இடமும் சரி, அந்தச் சட்டம் பொருந்தியது. நாலு பேர் இருந்தால் பொருந்தவில்லை. நாலு பேர் வைத்திருப்பவரின் டிரைவருக்குத் தூக்கம் வராதா என்று என்னைக் கேட்காதீர்கள்.

80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகும். நாலு நொடி கண் சொக்கினால் கிட்டத்தட்ட 90 மீட்டர், ஸ்டியரிங்கில் ஆளே இல்லாத மாதிரி.

வண்டி சொல்லும்போது முழுத் திட்டத்தையும் சொல்லுங்கள். "போற வழியில ஒரு கோயில்" என்பதையும் சேர்த்து. ராத்திரி கிளம்பி மறுநாள் ராத்திரி திரும்புவதாக இருந்தால் இரண்டு டிரைவர் கேளுங்கள். இன்னொரு பேட்டா ஆகும், ஆகட்டும். ரூம் போடும் இடத்தில் டிரைவர் படுக்க இடம் இருக்கிறதா என்று முதலிலேயே விசாரியுங்கள். மண்டபமானால் ஒரு பாய், ஒரு ஃபேன் போதும். அவர் படுத்தபின் தயவுசெய்து கூப்பிடாதீர்கள், சார்ஜரைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கொட்டாவி விட்டால் டீ வாங்கிக் கொடுத்து ஓட்டச் சொல்லாதீர்கள், ஓரம் கட்டித் தூங்கச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. டிரிப்பை நீட்ட வேண்டும், புதிதாக ஓர் ஊர் போக வேண்டும் என்றால் டிரைவரிடம் கேட்காதீர்கள். அவர் முடியாது என்று சொல்ல மாட்டார். பிள்ளைக்கு ஃபீஸ் கட்ட வேண்டியிருக்கும், நீங்கள் வேறு நன்றாகப் பேசியிருப்பீர்கள், தலையாட்டிவிடுவார். அலுவலகத்துக்குக் கூப்பிடுங்கள், ராத்திரி எத்தனை மணியானாலும் எடுக்கிறோம். வேறு ஆள் இருந்தால் அனுப்புகிறோம். இல்லாவிட்டால் முடியாது என்று நாங்கள் சொல்கிறோம். திட்டுவதென்றால் எங்களைத் திட்டிக்கொள்ளுங்கள்.