லைன் அறுந்தால் லாகினும் அறுகிறதா?

டயல்-இன் மோடம் (தொலைபேசியில் அழைத்து உள்ளே வர உதவும் கருவி) வைத்த யூனிக்ஸ் சர்வர்களில் ஒரே கோளாறு திரும்பத் திரும்ப வருகிறது. ஒருவர் உள்ளே வந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது தொலைபேசி லைன் அறுந்துவிடுகிறது. சற்று நேரம் கழித்து வேறொருவர் அழைக்கிறார். அவருக்கு லாகின் கேள்வியே வருவதில்லை. முந்தையவர் விட்டுப்போன ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல், அப்படியே திறந்து கிடக்கிறது. முந்தையவர் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கில்) இருந்திருந்தால், பாஸ்வேர்டே கொடுக்காமல் இவரும் ரூட். இதைக் கண்ணால் பார்த்த பிறகும், "மோடம் மக்கர் பண்ணுது, வேற மாத்திடலாம்" என்கிறார்கள். புது மோடம் வந்தாலும் அதேதான் நடக்கும், ஏனென்றால் பழையது கெட்டுப்போகவே இல்லை.

"போன் கட்டானால் லாகினும் தானாகக் கட்டாகிவிடும்" என்ற நம்பிக்கையிலிருந்துதான் இவ்வளவும் வருகிறது. தானாக எதுவும் நடப்பதில்லை. தொலைபேசி என்று ஒன்று இருப்பதே சர்வருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்தது சீரியல் போர்ட் மட்டும்தான். எதிர்முனையிலிருந்து ஓர் எழுத்தும் வரவில்லை என்பதை வைத்து அது எதையும் முடிவுசெய்ய முடியாது. திரையை நிதானமாகப் படித்துக்கொண்டிருக்கும் பயனரும் ஓர் எழுத்தும் அனுப்புவதில்லை. லைன் செத்துப்போன பயனரும் அனுப்புவதில்லை. இரண்டும் சர்வருக்கு ஒன்றே.

வேறுபாட்டைச் சொல்வதற்கென்றே கேபிளில் தனியாக ஒரு கம்பி இருக்கிறது. அதன் பெயர் டிசிடி. 9 பின் கனெக்டரில் 1-வது பின், 25 பின்னில் 8-வது. எதிர் மோடத்தின் கேரியர், அதாவது அது லைனில் அனுப்பும் தொடர் ஒலி, இருக்கும்வரை மோடம் இதை உயர்த்தி வைத்திருக்கும், போனதும் இறக்கும். இறங்கியதைக் கெர்னல் (சர்வர் இயங்குதளத்தின் மையம்) பார்த்தால்தான் அந்த செஷனுக்கு ஹேங்கப் சிக்னல் போகும், ஷெல் சாகும், இனிட் (மற்ற நிரல்களைத் தொடங்கிவைக்கும் நிரல்) புதிதாக ஒரு கெட்டியை (போர்ட்டில் காத்திருந்து லாகின் கேட்கும் நிரல்) ஓட்டும், அடுத்த அழைப்புக்கு லாகின் வரும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் திறந்த ஷெல் தொங்கிக்கொண்டேதான் இருக்கும்.

கண்ணி விட்டுப்போகும் முதல் இடம் மோடத்தின் அமைப்பு, அதாவது அதற்கு ஏடி கட்டளைகளால் கொடுக்கும் அமைப்பு. &சி0 என்று இருந்தால், அழைப்பு இருக்கிறதோ இல்லையோ, டிசிடி எப்போதும் உயர்ந்தே நிற்கும். நமக்கு வேண்டியது &சி1. பல மோடங்கள் ஆலையிலிருந்தே &சி1-உடன்தான் வருகின்றன; ஆனால் எல்லா மோடமும் அப்படி வருவதில்லை. சிலவற்றில் அடிப்பக்கத்து ஸ்விட்ச் ஒன்று மென்பொருள் அமைப்பையே மீறி நிற்கும். எனவே &எஃப் என்ற, ஆலை அமைப்புக்குத் திரும்பும் கட்டளையை மட்டும் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அதன்பின் &சி1-ஐ வெளிப்படையாகவே கொடுங்கள்.

இரண்டாவது இடம் கெட்டி. இங்கேதான் அதிகம் பேர் விழுகிறார்கள். லினக்ஸில், 2015-இல் சிஸ்டம்டி வருவதற்கு முந்தைய டெபியன் வகை அமைப்புகளில், இனிட் எதை ஓட்ட வேண்டும் என்று சொல்லும் இனிட்டாப் கோப்பில், சீரியல் டெர்மினலுக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என இரண்டு மாதிரி வரிகள் கமென்ட்டாகக் கிடக்கும். அவசரத்தில் முதல் வரியைத் திறந்துவிடுகிறார்கள். அந்த வரியில் கெட்டிக்குப் பக்கத்தில் '-எல்' என்றொரு ஆப்ஷன் இருக்கிறது. 'இது நேரடியாக இணைத்த லைன், கேரியரைப் பார்க்காதே' என்று அது சொல்கிறது. அதாவது கெர்னலில் சிலோக்கல் என்ற கொடி ஏறிவிடும். பிறகு மோடம் டிசிடியை எத்தனை முறை இறக்கினாலும் கேட்க ஆளில்லை. மேசைமேல் இருக்கும் டெர்மினலுக்கு அந்த வரி சரி. மோடத்துக்குத் தயவுசெய்து வேண்டாம்.

மூன்றாவது இடம் கேபிள். அனுப்ப, பெற, கிரவுண்ட் என்ற மூன்று கம்பி கேபிள் எழுத்துகளைச் சரியாகவே கடத்தும். கேரியரைப் பார்க்காத கெட்டி என்றால் லாகினும் வரும், வேலையும் நடக்கும். அதனால்தான் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை. அதைவிட மோசம், 9 பின் கனெக்டருக்குள்ளேயே 1, 4, 6 பின்களை ஒன்றாகச் சேர்த்துப் பற்றவைத்த கேபிள். அதில் சர்வர் தானே உயர்த்திய டிடிஆரை (தான் தயார் என்று சர்வர் மோடத்துக்குச் சொல்லும் கம்பி) தானே டிசிடியாகப் படித்துக்கொள்கிறது. மோடத்துக்கு வேண்டியது எல்லாக் கம்பியும் நேராகப் போகும் கேபிள். கம்பிகளைக் குறுக்காக மாற்றி இணைத்த நல்-மோடம் கேபிள் இங்கே வேலைக்கு ஆகாது.

எதிர்த் திசைக்கும் ஒரு கம்பி உண்டு, மேலே சொன்ன டிடிஆர். 9 பின்னில் 4, 25 பின்னில் 20. பயனர் லாக்அவுட் செய்ததும் சர்வர் இதை இறக்கும், அதைப் பார்த்து மோடம் போனை வைக்க வேண்டும். அதற்கு மோடத்தில் &டி2 வேண்டும், சர்வர் பக்கம் எஸ்டிடிஒய் அமைப்பில் (போர்ட்டின் அமைப்பைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் கட்டளை) ஹப்சிஎல், அதாவது 'போர்ட்டை மூடும்போது டிடிஆரை இறக்கு' என்ற கொடி, இருக்க வேண்டும். &டி0 என்றிருந்தால் லைன் விடுபடாது, அடுத்தவருக்கு எங்கேஜ்டு டோன்தான்.

கெட்டியின் வகைக்கேற்ப மோடம் அமைப்பும் மாறும். மோடத்துக்கென்றே எழுதிய எம்கெட்டி தானே மணியை எண்ணி, தானே ஏடிஏ என்ற கட்டளை கொடுத்து அழைப்பை எடுக்கும். அதற்கு எஸ்0=0 (மோடம் தானாக அழைப்பை எடுக்காது) இருக்க வேண்டும், மோடத்தின் பதில் வார்த்தைகளும் வர வேண்டும், அதாவது கியூ0. சாதாரண கெட்டிக்கு நேர்மாறு: எஸ்0=1 (முதல் மணியிலேயே மோடம் தானே எடுக்கும்), இ0 (எதிரொலி இல்லை), கியூ1 (பதில் வார்த்தை இல்லை). இரண்டையும் குழப்பினால் வேடிக்கையான விளைவுகள் வரும். எதிரொலியை அணைக்காத மோடத்தில், கேரியரைப் பார்க்காத கெட்டி யாரும் அழைக்காத நேரத்திலேயே லாகின் என்று அனுப்பும். மோடம் அதைத் திருப்பி அனுப்பும். கெட்டி அதையே பயனர் பெயராக எடுத்துக்கொண்டு பாஸ்வேர்டு கேட்கும், அதுவும் திரும்பி வரும். பதிவுக் கோப்பில் தோல்வியுற்ற லாகின்கள் குவியும். கடைசியில் இனிட், 'மிக வேகமாகத் திரும்பத் திரும்ப ஓடுகிறது, 5 நிமிடம் நிறுத்திவைக்கிறேன்' என்று எழுதிவிட்டுப் போர்ட்டையே முடக்கும். அதைத் தாக்குதல் என்று நினைத்துப் பதறுகிறவர்களும் உண்டு. இ0 கொடுத்தால் அடங்கிவிடும்தான். ஆனால் கெட்டி கேரியருக்காகக் காத்திருந்தால் இது தொடங்கியே இருக்காது, ஆகவே திறந்த ஷெல்லும் இதுவும் ஒரே நோய்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாக: சர்வருக்கும் மோடத்துக்கும் இடையே 57600 அல்லது 115200 என்று நிலையாக வையுங்கள். அழைப்பவர் 28800-இல் வந்தாலும் 33600-இல் வந்தாலும் அதைத் தொடாதீர்கள். ஆர்டிஎஸ்/சிடிஎஸ் ஓட்டக் கட்டுப்பாட்டை ('இப்போது அனுப்பாதே' என்று தனிக் கம்பிகளில் சொல்லும் முறை) இரண்டு பக்கமும் போடுங்கள்: சர்வரில் சிஆர்டிஎஸ்சிடிஎஸ், மோடத்தில் பெரும்பாலும் &கே3, யூஎஸ் ரோபோடிக்ஸ் வகையில் &எச்1. இரண்டு பக்கமும் சாதாரண அனலாக் லைன் என்றால் 33600-க்கு மேல் போகாது, மோடத்தின் மேல் 56கே என்று அச்சிட்டிருந்தாலும்.

சோதனை எளிது. யாரும் அழைக்காத நேரத்தில் லினக்ஸில் ப்ராக் கோப்பமைப்பில் டிடிஒய், அதற்குள் டிரைவர், அதற்குள் இருக்கும் சீரியல் என்ற கோப்பை ரூட்டாகப் படியுங்கள். அந்தப் போர்ட்டின் வரியின் கடைசியில் உயர்ந்திருக்கும் கம்பிகளின் பெயர்கள் இருக்கும். அங்கே சிடி (டிசிடிதான்) என்று தெரிந்தால் மோடம் அமைப்போ கேபிளோ பொய் சொல்கிறது. அடுத்து, வெளியிலிருந்து அழைத்து உள்ளே வந்து, அந்த செஷனிலேயே எஸ்டிடிஒய் -ஏ கொடுங்கள். சிலோக்கலுக்கு முன்னால் கழித்தல் குறி இருக்க வேண்டும், ஹப்சிஎல்லுக்கு முன்னால் இருக்கக் கூடாது.

பிறகு லாக்அவுட் செய்யாமல், அழைத்த பக்கத்துத் தொலைபேசி வயரைப் பிடுங்குங்கள். மென்மையாக முடிக்காதீர்கள், பிடுங்கத்தான் வேண்டும். மோடம் மறுபடி இணைய முயன்று பார்க்கலாம், அதனால் ஒரு நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும், உள்ளே இருப்பவர்களைக் காட்டும் ஹூ கட்டளையில் அந்தப் பயனர் பெயர் இருந்தால், அல்லது ஓடும் நிரல்களை பிஎஸ் கட்டளை காட்டும் பட்டியலில் அந்தப் போர்ட்டில் கெட்டியைத் தவிர வேறு ஏதாவது ஓடினால், இந்தச் சர்வரை லைனில் விடக் கூடாது.

"ஷெல்லில் டிஎம்அவுட் போட்டுவிட்டோம், சும்மா இருந்தால் தானே மூடிவிடும்" என்பது அடிக்கடி வரும் பதில். அது ஷெல் கட்டளைக்காகக் காத்திருக்கும்போது மட்டும்தான் எண்ணும். விஐ என்ற எடிட்டர் திறந்திருக்கும்போது லைன் அறுந்தால் மணிக்கணக்கில் அப்படியே இருக்கும். அந்த விஐக்குள்ளிருந்தே ஷெல் எடுக்கவும் முடியும். டிஎம்அவுட் இருக்கட்டும், டிசிடிக்கு அது மாற்றில்லை. ரூட் எந்தப் போர்ட்டுகளில் நேரே நுழையலாம் என்று பட்டியலிடும் செக்யூர்டிடிஒய் கோப்பில் மோடம் போர்ட்டின் பெயர் இருந்தால் இன்றே நீக்குங்கள். ரூட்டாக நேரே நுழைய வேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

எல்லாம் சரியானதும் &டபிள்யூ கொடுத்து மோடத்தில் சேமியுங்கள். சேமிக்காமல் விட்டால், மின்சாரம் ஒரு முறை போய் வந்ததும் பழைய அமைப்பே திரும்பிவிடும். சேமித்த பின் மோடத்தை அணைத்துப் போட்டு, வயரைப் பிடுங்கும் சோதனையை இன்னொரு முறை செய்யுங்கள்.