வருவதாகச் சொன்னவர் பாலத்தில் ஏன் திரும்பினார்?

1988ஆம் ஆண்டு சாதாரண தரப் பரீட்சை எழுதிய எங்கள் வகுப்பின் ஒன்றுகூடல் பற்றிய செய்தி வட்ஸ்அப் குழுவில் வந்தபோது, ‘கட்டாயம் வருவேன்’ என்று முதல் ஆளாக எழுதியவர் மட்டக்களப்பு நாவற்குடாவில் வசிக்கும் ஒரு நண்பர். பங்குப் பணத்தையும் அன்றே கட்டிவிட்டார். ஒன்றுகூடல் நாளன்று காலையில் அயர்ன் பண்ணிய சேர்ட்டோடு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுக் கல்லடி வரை வந்தவர், பழைய இரும்புப் பாலத்தில் சிறிது நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, அப்படியே வீட்டுக்குத் திரும்பிவிட்டார். பிறகு இதைப் பற்றிப் பேசிய சிலர் வெட்கம் என்றார்கள், சிலர் கர்வம் என்றார்கள். எனக்கு அவர் நின்ற இடம்தான் முக்கியமாகப் படுகிறது.

1940களில் அமெரிக்க உளவியலாளர்களான நீல் மில்லரும் ஜட்சன் பிரவுனும் இத்தகைய தயக்கத்தை எலிகளிடம் அளந்தார்கள். ஒடுங்கிய நீண்ட பாதையொன்றின் முடிவில் சில எலிகளுக்கு உணவும், வேறு சிலவற்றுக்கு மின்னதிர்ச்சியும் கொடுத்துப் பழக்கிய பின்னர், அவற்றின் உடலில் சிறு கடிவாளம் பூட்டி, எவ்வளவு விசையுடன் இழுக்கின்றன என்று பார்த்தார்கள். உணவை நோக்கிய இழுப்பு தொலைவிலும் அருகிலும் பெரிதாக மாறவில்லை. மின்னதிர்ச்சியிலிருந்து விலகும் இழுப்போ தொலைவில் ஏறக்குறைய இல்லாமலும், இலக்குக்கு அருகில் மிகக் கடுமையாகவும் இருந்தது. ஒரே இடத்தில் உணவும் அதிர்ச்சியும் இருக்குமானால் தொலைவில் ஆசை வெல்லும், அருகில் அச்சம் வெல்லும். இரண்டும் சமமாகும் புள்ளியில் விலங்கு முன்னும் போகாமல் பின்னும் போகாமல் நிற்கும். மனிதருக்கு இந்தத் தொலைவு மைல் கணக்கில் மட்டுமன்றி நாள் கணக்கிலும் அமையும். மூன்று மாதத்துக்கு முன்பு வட்ஸ்அப்பில் எழுதும்போது நண்பர் தொலைவில் இருந்தார். பாலத்தில் நின்றபோது மண்டபத்துக்குப் பத்து நிமிடமே இருந்தது. ஒன்றுகூடலுக்கு டொரன்டோவிலிருந்து வந்த இன்னொரு வகுப்புத் தோழருக்கும் அதே தயக்கம் இருந்ததாம், ஆனால் ஆசை மேலோங்கியிருந்த காலத்திலேயே அவர் விமானச் சீட்டை வாங்கிவிட்டார்.

அச்சத்தின் பெரும்பங்கு ஒப்பீட்டிலிருந்து வருகிறது. தம்மை அளக்க வேறு அளவுகோல் இல்லாதபோது மனிதர் தம்மை ஒத்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள் என்று உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் 1954இல் எழுதினார். ஒரே வயது, ஒரே ஊர், ஒரே வாங்கு என்று இருந்தவர்களைவிட நம்மை ஒத்தவர் யார்? ஆனால் மற்றவர்கள் நம்மை அளக்கும் நேரத்தை நாம் கூட்டித்தான் மதிப்பிடுகிறோம். 2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வில், அணியக் கூச்சப்படும் படம் பொறித்த டீசேர்ட்டுடன் மாணவர்கள் ஓர் அறைக்குள் அனுப்பப்பட்டார்கள். அறையிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால்வாசிப் பேரளவிலேயே இருந்தார்கள். வழுக்கைக்கும் தொந்திக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

மறுபக்கத்து இழுப்பு எங்கிருந்து வருகிறது? நடுவயது கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லக் கேட்டால், ஏறத்தாழப் பத்து வயதுக்கும் முப்பதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் எதிர்பார்ப்பதைவிட அதிகமாக வருகின்றன. முதன்முறையாக நிகழ்ந்தவை பலவும் அந்த ஆண்டுகளில் குவிந்திருப்பது ஒரு காரணம். அதோடு, கசப்பான நினைவுகள் தரும் உணர்வு இனிய நினைவுகள் தரும் உணர்வைவிட விரைவாகத் தணிகிறது. பிரம்படி வாங்கியது நினைவிருக்கும், வலி நினைவிருக்காது.

அந்தக் காலத்து முகங்களும் வியப்பூட்டும் அளவுக்கு நிலைக்கின்றன. 1975இல் வெளிவந்த ஆய்வில் ஹாரி பாரிக்கும் அவருடைய சக ஆய்வாளர்களும் 17 முதல் 74 வயது வரையான 392 பேரிடம், ஐந்து படங்களில் தம் வகுப்புத் தோழரின் படம் எதுவென்று கேட்டார்கள். பள்ளியை விட்டு 34 ஆண்டுகள் ஆனவர்களும் பத்தில் ஒன்பது தடவை சரியாகக் காட்டினார்கள். எந்தத் துணையும் இல்லாமல் பெயர்களைச் சொல்லச் சொன்னபோது நிலைமை வேறு. அந்த நினைவு ஆண்டுக்கு ஆண்டு கரைந்திருந்தது. முகத்தைக் கண்டு இனங்காண்பதற்கு எதிரிலிருக்கும் முகமே துணை செய்கிறது, பெயரையோ வெறுமையிலிருந்து எடுக்க வேண்டும். மேலும் இயற்பெயர் ஆளோடு பொருள் தொடர்பு இல்லாத ஒலி. ஒருவர் பேக்கரியில் வேலை செய்பவர் என்பது மனதில் நிற்குமளவுக்கு, அவர் பெயரே ‘பேக்கர்’ என்பது நிற்பதில்லை என்று 1987ஆம் ஆண்டு ஆய்வொன்று காட்டியது. நம்முடைய பட்டப்பெயர்கள் அழியாமல் இருப்பதும் இதனால்தான் என்பது என் கணிப்பு. ‘நெட்டையன்’ என்றதும் ஆளின் உருவமும், அந்தப் பெயர் வைக்கப்பட்ட நாளும் கூடவே வந்துவிடும். ஒன்றுகூடலில் என்னைக் கட்டிப்பிடித்த மூவரும் பட்டப்பெயரால்தான் அழைத்தார்கள். அவர்களில் ஒருவர் என் இயற்பெயரைப் பின்னர் இரகசியமாக வேறொருவரிடம் கேட்டாராம்.

இவ்வளவும் ஆசை, அச்சம் என்ற இரண்டும் மாறிமாறி வருவதைச் சொல்கின்றன. ஆனால் இரண்டு உணர்வுகள் ஒரே கணத்தில் இருக்க முடியுமா என்பது உளவியலில் நீண்ட வாதம். மகிழ்ச்சியும் துயரமும் ஒரே தராசின் இரு தட்டுகள், ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. ஜெஃப் லார்சனும் ஜோன் கசியொப்போவும் அவர்களுடைய சகாவும் 2001இல் வெளியிட்ட ஆய்வில் பட்டமளிப்பு நாளன்றும் விடுதியை விட்டு வெளியேறும் நாளன்றும் மாணவர்களிடம் கேட்டபோது, சாதாரண நாட்களைவிட அதிகமானோர் இரண்டையும் ஒருசேர உணர்வதாகச் சொன்னார்கள்.

எங்கள் வகுப்புப் படத்தின் பிரதிகள் பலவும் 2004 டிசம்பரில் கல்லடியிலும் நாவலடியிலும் வீடுகளோடு கடலில் போய்விட்டன. செங்கலடியிலிருந்த ஒரு வீட்டில் எஞ்சிய பிரதியைப் பெரிதாக்கி மண்டபத்தில் வைத்திருந்தார்கள். எல்லோரும் சுற்றி நின்று வரிசை வரிசையாக அடையாளம் காட்டிக்கொண்டு வந்தோம். மூன்றாம் வரிசையில் இடமிருந்து நான்காவதாக நிற்பவரின் பட்டப்பெயரை ஒருவர் சொன்னதும் மண்டபமே சிரித்தது. 1990இல் வீட்டைவிட்டுப் போய் இன்றுவரை திரும்பாதவர் அவர். சிரிப்பு அடங்குவதற்கு முன்பே, சிரித்துக்கொண்டிருந்த பலருடைய கண்கள் நிறைந்திருந்தன.