புது ஆர்ம் போட்டீர்கள் சரி, பின்சக்கரக் கோணம் பார்த்தீர்களா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது வண்டி. திருப்பூர்த் தம்பி ஒருவர் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் காரை என் பட்டறைக்குக் கொண்டு வந்தார். ஆழியாரிலிருந்து வால்பாறை ஏறும்போது, மழை ஈரத்தில் பிரேக்கை மிதித்ததும் வண்டியின் பின்பக்கம் வீசிவிட்டது. வண்டிக்குள் மனைவியும் கைக்குழந்தையும். எதிரே பஸ் வரவில்லை, அதனால் தப்பித்தார்கள். லிப்டில் ஏற்றிப் பார்த்தேன். தாழ்த்திய ஸ்பிரிங், பின்சக்கரத்தை வண்டியோடு பிடித்து நிறுத்தும் கன்ட்ரோல் ஆர்ம் பளபளவென்று புது அலுமினியத்தில். பின் டயர் வெளியே பார்க்கப் புதுசு மாதிரி இருக்கிறது, உள்விளிம்பில் கம்பி தெரிகிறது.

"அலைன்மென்ட், சக்கரக் கோணமெல்லாம் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தாச்சுங்கண்ணா, முன்னாடி ரெண்டும் பக்காவா இருக்குதுங்க."

இந்தப் பதிலைக் கேட்டால்தான் எனக்கு வயிறு எரிகிறது. பின்சக்கரம் திரும்பாது, அதனால் அதற்கு அலைன்மென்ட் வேண்டாம் என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ தெரியவில்லை. திரும்பாத சக்கரம் என்பதால்தான் ஆபத்து. அது கோணலாக நின்றால் ஸ்டியரிங்கைப் பிடித்துச் சரிசெய்ய வழியே இல்லை. மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை டோ என்போம். ஒரு சக்கரத்தில் அது அரை டிகிரி தப்பினாலே, கிலோமீட்டருக்குச் சுமார் 9 மீட்டர் அந்த டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோவையிலிருந்து சேலம் சுமார் 160 கிலோமீட்டர். போய்ச் சேர்வதற்குள் ஏறக்குறைய 1.4 கிலோமீட்டர் தூரத்துக்கு டயரைத் தார் ரோட்டில் அரம் வைத்து ராவின மாதிரி. அந்தக் கோணல் வெளிப்பக்கமாக இருந்துவிட்டால் இன்னும் மோசம். காய்ந்த ரோட்டில் ஒன்றும் தெரியாது. மழையில் வளைவுக்குள் பிரேக் மிதிக்கும்போதுதான் தெரியும்.

ஆர்ம் தடியாக இருந்தால் வண்டி ரோட்டைக் கவ்வும் என்பதும் தவறு. கம்பெனி ஆர்ம் தெரு ஓட்டத்தில் வளைவதில்லை. நீளம் மாற்றக்கூடிய ஆர்முக்கு ஒரே வேலை, வண்டியைத் தாழ்த்தியதால் அளவு மீறிய கேம்பரை, அதாவது சக்கரத்தின் உள்பக்க, வெளிப்பக்கச் சாய்வை, பழைய அளவுக்குத் திரும்பக் கொண்டுவருவது. வண்டி பழைய உயரத்திலேயே நிற்கிறதென்றால் அந்தக் காசுக்கு நல்ல டயர் வாங்குங்கள். போலோ கார் வைத்திருப்பவர்களும் இதே ஆர்ம் கேட்டு வருகிறார்கள். அதில் பின்னால் இருப்பது இரண்டு சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் ஒற்றை பீம்; மாற்றுவதற்கு அப்படியொரு ஆர்மே கிடையாது.

மூட்டில் ரப்பர் புஷ் (அதிர்வைத் தாங்கும் ரப்பர் வளையம்) இல்லாமல் இரும்புக் குண்டு வைத்த ராட் எண்ட் ஆர்ம் வேண்டாம். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓடும் வண்டிக்கு அது சரி. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் அப்புறம் ஆட்டிப் பார்க்க ஆள் இருக்கிறார்கள். நம் ரோட்டுப் புழுதியிலும் மழையிலும் அது சீக்கிரமே ஆடத் தொடங்கிவிடும்.

பட்டறைக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முறுக்கிவிடாதீர்கள். அந்த ரப்பர் உருளாது, முறுகத்தான் செய்யும். இறக்கியதும் எப்போதும் முறுகியே நின்று கிழிந்துபோகும். வண்டி தன் எடையில், ஓடும் உயரத்தில் நிற்கும்போது டார்க் ரெஞ்ச் போட்டு முறுக்குங்கள். கம்பெனி ஒருமுறைதான் என்று சொன்ன போல்ட்டைத் திரும்பப் போடாதீர்கள். கீழ் ஆர்மில் ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கிற வண்டியில், ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர் மாட்டாமல் கழற்றாதீர்கள், கை போய்விடும்.

ஓனர்களே, ஆர்ம் மாட்டியதும் நான்கு சக்கர அலைன்மென்ட் பார்த்து, சரிசெய்வதற்கு முன்பும் சரிசெய்த பின்பும் இருந்த அளவுகளைப் பிரிண்ட் எடுத்து வாங்குங்கள். ஆர்மின் நீளம் மாறாமல் பூட்டும் செக் நட்டின் மேல் பெயின்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். நட் நகர்ந்தால் கோடு விலகும். 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுபோய்க் காட்டுங்கள், எந்தப் பட்டறையானாலும் சரி.

இந்த வாரம் குடும்பத்தோடு மலையேறுகிறீர்கள் என்றால், தயவுசெய்து கிளம்பும் முன் வண்டியை லிப்டில் ஏற்றி, பின் டயரின் உள்விளிம்பை டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள்.