கறவை மாட்டை விற்பதற்கு முன்

கிராமத்து வங்கிக் கிளையில் கடன் பிரிவைப் பார்க்கிறேன். ஒரு குடும்பம் சரியத் தொடங்கியதை நகைக்கடன் கணக்கே ஓரளவு காட்டிவிடும். விளைச்சல் பொய்த்தபோது அடகு வைத்த நகை அடுத்த அறுவடையில் பெரும்பாலும் மீண்டுவிடுகிறது. சம்பாதிப்பவர் நோயில் படுத்தபோது வைத்த நகைதான் ஏலம் வரை போகிறது. கூலியும் நிற்கிறது, செலவும் ஏறுகிறது.

இவர்களுக்குச் சமாளிக்கத் தெரியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். சம்பா அறுப்புக்கு முன்பே வயலில் உளுந்து தெளிப்பதும், நான்கு ஆடு வளர்ப்பதும், ஒரு பிள்ளையைத் திருப்பூருக்கு அனுப்புவதும், ஊர் விசேஷங்களுக்குத் தவறாமல் மொய் எழுதுவதும் நாளைய கஷ்டத்துக்கான ஏற்பாடுகளே. சிறு அடிகளை இவை தாங்கும். பெரிய அடி விழும்போது எதை முதலில் இழப்பது என்பதில்தான் தடுமாறுகிறார்கள்.

முதலில் ஐந்து வட்டிக்கு வாங்குகிறார்கள். பிறகு கறவை மாடு போகிறது. மகள் கல்யாணத்துக்கென்று நகையை மட்டும் கடைசி வரை தொடுவதில்லை. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு ஐந்து வட்டி என்றால் மாதம் 2,500 ரூபாய். ஒரு வருடத்தில் 30,000, அசல் அப்படியே நிற்கும். அதே தொகைக்கு நகைக்கடனில் ஒரு வட்டி என்றே வைத்தாலும் மாதம் 500தான். பெட்டியில் இருக்கும் சங்கிலி எதையும் ஈட்டாது. மாடு பால் காசு கொண்டுவரும். மாடு கடைசியாகத்தான் போக வேண்டும்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடம்பு நன்றாக இருக்கும்போதே எடுத்துவிடுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை சிகிச்சை கிடைக்கும். நோயாளியைக் கட்டிலில் விட்டுவிட்டு வருமானச் சான்றிதழுக்காக கிராம நிர்வாக அலுவலரைத் தேடி ஓடுவது கொடுமை. சேர்க்கும் முன், அந்த மருத்துவமனை திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கு அங்கே அனுமதி உண்டா என்று கேளுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது மே மாதக் கடைசி வாரம். பிரதமரின் ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், விபத்துக் காப்பீட்டுக்கு 20 ரூபாய் அப்போதுதான் கணக்கிலிருந்து எடுக்கப்படும். ஒவ்வொன்றிலும் 2 லட்சம் உண்டு. கூலி ஏறிய அன்றே மொத்தத்தையும் எடுத்துவிட்டால் கணக்கில் பணமிருக்காது, காப்பீடும் தொடராது. கணவர் இறந்தபின் பாஸ்புத்தகத்தோடு வரும் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது?

மே 20க்குள் 456 ரூபாய் கணக்கில் இருக்கட்டும். ஜூனில் பாஸ்புத்தகத்தில் பதிந்து, இரண்டும் பிடிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர்ந்தவர்கள் 55 வரை தொடரலாம். இரண்டு வங்கிகளில் சேர்ந்தாலும் கிடைப்பது ஒரே 2 லட்சம்தான், இரண்டாவதை நிறுத்திவிடுங்கள்.