டெர்மோரெக்ஸியா: தமிழில் என்ன சொல்வது?

அல்சூரில் எங்கள் வீட்டுக் குளியலறை அலமாரியில் போன தீபாவளிக்கு 14 பாட்டில்கள் இருந்தன. வைத்தவள் அக்கா மகள். வேலை கிடைத்துப் பெங்களூர் வந்து எங்களோடு தங்கியிருக்கிறாள். நயாசினமைடு, ரெட்டினால், கிளைகாலிக் அமிலம், வைட்டமின் சி சீரம். எல்லாம் முகத்தில் பூசுகிறவை. காலையில் ஒரு வரிசை, ராத்திரி வேறு வரிசை. ஒன்று காய்கிற வரை அடுத்ததைத் தொடக் கூடாதாம். அம்மா பார்த்தாள், ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்: "மேனாமினுக்கி!"

அந்தச் சொல் அவளுக்குப் பொருந்தாது என்பது எனக்கு ஒரு நாள் நடுராத்திரியில்தான் தெரிந்தது. மணி இரண்டு. செல்போன் டார்ச்சைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, மூக்கோரத் துளைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தாள். "சித்தி, தண்ணி பட்டாலே எரியுது" என்றாள். மினுக்குகிறவள் நாலு பேர் பார்க்கத்தான் மினுக்குவாள். இவளோ யார் கண்ணிலும் படக் கூடாதென்று ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே போவதையே நிறுத்தியிருந்தாள்.

தோலைப் பேணுவதை விட முடியாமல் போகும் இந்த அவஸ்தைக்குத்தான் டெர்மோரெக்ஸியா என்று இப்போது பெயர் வைத்திருக்கிறார்கள். மருத்துவம் ஏற்றுக்கொண்ட நோய்ப்பெயர் அல்ல. 2013-இல் வந்த டி.எஸ்.எம்-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டில் இது இல்லை. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத குறையைத் தன் உடம்பில் பெரிதாகக் கண்டு, கண்ணாடியை விட்டு நகர முடியாமல் தவிப்பது அதில் உண்டு. அதை எண்ணச் சுழற்சி நோயின் (ஓ.சி.டி) உறவு வரிசையில் வைத்திருக்கிறார்கள். நம் சொல் அதன் பக்கத்து வீட்டுக்காரர் என்று வைத்துக்கொள்ளலாம்.

சொல்லின் இரண்டு பாதியும் கிரேக்கம். 'டெர்மா' என்றால் தோல். அதன் வேர்ச்சொல்லுக்கு உரிப்பது என்று பொருள். இங்கே தமிழும் கிட்டத்தட்ட அதே வழியில் வருகிறது. தோலுக்குத் தொலி என்றும் பெயர். தொலிப்பது என்றால் உரிப்பது. திருநெல்வேலிப் பக்கம் தொலி உளுந்து என்று கடையில் கேட்டால் கறுப்புத் தோலோடு எடுத்துத் தருவார்கள். ராத்திரிக்கு ராத்திரி அமிலம் தடவி முகத்தை உரித்துக்கொண்டிருந்தவளுக்கு, சொல்லின் வேர் தெரியாமலே வேலை சரியாக நடந்திருக்கிறது.

பின்பாதி 'ஓரெக்ஸிஸ்'. பசி, வேட்கை. கையை நீட்டுவது, எட்டுவது என்ற வினையிலிருந்து பிறந்தது. பசியற்றுப் போவதை 'அனோரெக்ஸியா' என்றார்கள். 1873-இல் வில்லியம் கல் என்ற லண்டன் மருத்துவர் அதையே ஒரு நோயின் பெயரில் சேர்த்தார். 1997-இல் ஸ்டீவன் பிராட்மன் என்ற அமெரிக்க மருத்துவர், சுத்தமான உணவையே நினைத்து வாடுகிறவர்களுக்காக 'ஆர்த்தோரெக்ஸியா' என்ற சொல்லை உண்டாக்கினார். அந்த அச்சில் வார்த்ததுதான் இதுவும். அடுத்த பாட்டிலுக்கு நீளும் கையை நினைத்தால் நல்ல பெயர்தான்.

சரி, தமிழில்? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'தோற்பசி'. யாருக்கும் புரியாது. 'தோல்வெறி' என்றால் நிறவெறி நினைவுக்கு வரும். 'சருமம்' விளம்பரக்காரர்களின் செல்லப்பிள்ளை. மென்மையாக ஒலிக்கிறதே தவிர, வடமொழியில் ஆட்டுத்தோலும் சர்மம்தான். எனக்குப் பிடித்தது மேனி. உடம்பு, நிறம், அழகு மூன்றும் அதற்குள் இருக்கின்றன. அதோடு பித்தைச் சேர்த்தால் மேனிப் பித்து. பித்தத்திலிருந்து வந்த சொல் என்றாலும், பெத்த மனம் பித்து என்று சொல்லும்போது நாம் யாரையும் ஏசுவதில்லை. மேனாமினுக்கியில் இருப்பது ஏளனம், அதுவும் பெரும்பாலும் பெண்களுக்கு மட்டும். ஏளனம் கேட்டவள் கதவைத் தாழிட்டுக்கொள்வாளே ஒழிய டாக்டரிடம் போக மாட்டாள்.

எங்கள் வீட்டில் நடந்தது அதுதான். ஒரு மாதம் கழித்துத்தான் தோல் டாக்டரிடம் வந்தாள். அவர் மூன்றை மட்டும் விட்டுவைத்தார்: மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மேல்தோலின் வெளியடுக்கு, செத்த செல்களும் இடையில் கொழுப்புமாக, செங்கலும் சாந்தும் போலக் கட்டியிருக்கும் சுவர். அமிலத்தின் மேல் அமிலமாகப் போட்டால் சாந்து கரையும்; எரியும்; எரிச்சலை அடக்க இன்னொரு சீரம் வாங்குவோம். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே ஏறக்குறைய நான்கு வாரம் ஆகும் என்பதால் அதுவரை பொறுக்கச் சொன்னார்.

பாட்டிலை விட்டதைவிடக் கண்ணாடியை விட்டதுதான் கஷ்டம். அதற்கு மனநல ஆலோசகர் தேவைப்பட்டார். பார்க்கத் தோன்றும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடு, பதற்றம் ஏறி தானாக இறங்குவதைக் கவனி என்றார். எண்ணச் சுழற்சிக்குத் தரும் பயிற்சியும் இதே வகைதான். யாரிடம் போவதென்று தெரியாதவர்கள் அரசின் டெலிமானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம். நம்ம ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனைதான் அதற்குத் தலைமை மையம். தமிழிலும் பேசுவார்கள்.

இப்போது அலமாரியில் அவளுடையது மூன்றுதான். காலியான இடத்தில் அம்மா தன் பயத்தமாவு டப்பாவைக் கொண்டுவந்து வைத்திருக்கிறாள். அதை எடுக்கச் சொல்லும் தைரியம் இன்னும் யாருக்கும் வரவில்லை.