கனூவில் முழங்கால் வலியா? முதலில் சீட்டைப் பாருங்கள்

ஒன்டாரியோ ஏரிகளில் பனிக்கட்டி உருகி, அல்கோன்குவின் பார்க் பக்கம் கனூ (மண்டியிட்டோ உட்கார்ந்தோ துடுப்புப் போடும் ஒடுங்கிய படகு) கட்டிய கார்கள் ஓடத் தொடங்கினால் போதும், எங்கள் பிசியோதெரபி கிளினிக்குக்கு முட்டியைப் பிடித்துக்கொண்டு ஆட்கள் வந்துவிடுவார்கள். எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "மண்டியிட இதைவிடத் தடிமனான மெத்தை எங்கே கிடைக்கும்?" கடைசியாக வந்தவர் தோட்ட வேலைக்கான முட்டி மெத்தை, அதன்மேல் யோகா பாய், அதற்கும் மேல் கேம்பிங் பாய் என்று அடுக்கியிருந்தார். வலி கூடிவிட்டதாம். கூடத்தானே செய்யும்! ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

மெத்தை தீர்க்கும் வலி ஒன்று உண்டு. முட்டிச் சில்லின் மேல்தோல் சிவந்து, தொட்டாலே வலித்தால் அது அழுத்தத்தால் வருவது. அதற்கு 2 சென்டிமீட்டர் ஃபோம் தாராளம். ஆனால் சில்லுக்குப் பின்னாலோ மூட்டின் உள்ளேயோ வலித்தால், எழுந்து காலை நீட்டும்போது உயிர் போனால், முட்டி அளவுக்கு மேல் மடங்கியிருக்கிறது என்று அர்த்தம். மண்டியிட்டுச் சீட்டின் முன்விளிம்பில் பின்புறத்தைச் சாய்க்கிறோம் இல்லையா, அந்தச் சீட் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு முட்டி மடங்கும். இப்போது முட்டியிலிருந்து பாதம் வரை 5 சென்டிமீட்டர் மெத்தையை விரித்தால் என்ன ஆகும்? சீட் இருந்த இடத்திலேயே இருக்கிறது, கால் மட்டும் மேலே வந்துவிட்டது. சீட்டை 5 சென்டிமீட்டர் இறக்கியதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. முட்டிக்கு அடியில் மட்டும் உயரமாக வைத்தாலும் மடக்கம் குறையாது.

"தினமும் வஜ்ராசனம் செய்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்பவர்களுக்கு: ஆசனத்தில் சில நிமிடம் அசையாமல் இருக்கிறீர்கள். இங்கே மணிக்கணக்கில் உடம்பைத் திருப்பித் திருப்பித் துடுப்புப் போடுகிறீர்கள்.

ஆகவே சீட்டை உயர்த்துங்கள். பெரும்பாலான கனூக்களில் சீட், விளிம்புச் சட்டத்திலிருந்து நீள போல்ட்டுகளில் தொங்கும். நடுவே மரத் துண்டுகள் இருக்கும். அந்தத் துண்டுகளைக் கொஞ்சம் அறுத்துக் குறைத்தால் சீட் மேலே வரும். முன்பக்கத் துண்டுகளைச் சற்று நீளமாக விட்டால் சீட் முன்னோக்கிச் சாய்ந்து, விளிம்பு தொடையை வெட்டாது. ஒரே தடவையில் நிறைய உயர்த்தாதீர்கள். சீட் ஏற ஏறப் படகு ஆடும். 2 சென்டிமீட்டர் உயர்த்தி, லைஃப் ஜாக்கெட்டோடு கரையோர ஆழமில்லாத தண்ணீரில் பார்த்துவிட்டு அடுத்த 2. வாடகைப் படகில் போல்ட்டைத் தொட வேண்டாம். சரிவான ஃபோம் துண்டு ஒன்றைச் சீட்டின் மேல் பட்டையால் இறுக்கிக் கட்டினால் ஓரளவு உயரம் கிடைக்கும்.

அந்த மெத்தை அடுக்குக்காரர் காட்டிய போட்டோவில் என்னைப் பதறவைத்தது வேறு. அவருடைய கனத்த பூட்ஸ் இரண்டும் மெத்தைக்கும் சீட்டுக்கும் நடுவே நெருக்கியடித்துச் செருகிக் கிடந்தன. படகு கவிழ்ந்தால் கால் எப்படி வெளியே வரும்? தயவுசெய்து, புறப்படும் முன் கையால் தொடாமல் இரண்டு பாதங்களையும் சட்டென்று உருவிப் பாருங்கள். தடுக்கினால் மெத்தையைக் குறையுங்கள், இல்லையென்றால் மெல்லிய ஷூ போடுங்கள்.

முட்டிகளை நன்றாக அகட்டி வையுங்கள். சில்லின் மேல் நேராக ஊன்றாமல், அதற்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்தில் பாரம் இறங்கட்டும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு காலை முன்னால் நீட்டுங்கள். அமைதியான தண்ணீரில் முழுநேரமும் உட்கார்ந்தே துடுப்புப் போடலாம், அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை. பாதம் மரத்துப்போனால் உணர்வு திரும்பும்வரை கரையில் இறங்காதீர்கள். முட்டி வீங்கினாலோ பூட்டிக்கொண்டாலோ மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டி மாற்று அறுவை செய்தவர்கள் மண்டியிடும் முன் அறுவை மருத்துவரைக் கேட்டே ஆகவேண்டும்.

எங்களிடம் வருவதானால் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். நீங்கள் படகில் மண்டியிட்டிருப்பதைப் பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து வாருங்கள்.